நல்ல தண்ணீரில் கழுவிய இன்ஜின்

"வைகாசி 18, ஞாயிறு. மூணாம் பாடு. ஆள் வரல."

எங்கள் குப்பத்துப் பாடு நோட்டில், பச்சை மையில், நைனாவின், அதாவது அப்பாவின், பெயருக்கு நேரே இப்படி எழுதியிருக்கிறது. நோட்டின் அட்டையும் வருடம் எழுதிய முதல் தாளும் போய்விட்டன. மறுநாள் பள்ளிக்கூடம் திறந்து நான் ஒன்பதாம் வகுப்புக்குப் போனதை வைத்துப் பார்த்தால், அது சுனாமிக்கு ஏழு வருடம் முந்தியது என்று கணக்காகிறது.

வெளியூரில் பிறந்தவர்களுக்காக ஒரு விளக்கம். பழவேற்காட்டு ஏரியில் எந்த இடத்தில் எந்த நாள் யார் வலை கட்டலாம் என்பதை ஊர் கூடிச் சீட்டுப் போட்டு முடிவு செய்யும். அந்த முறைக்குப் பாடு என்று பெயர். தவறவிட்ட பாடு திரும்ப வராது. அடுத்த சுற்று வரும்வரை காத்திருக்க வேண்டும். காய்ச்சலில் நடுங்கிக்கொண்டே நைனா தன் முறைக்கு வலை கட்டப் போனதை நான் பார்த்திருக்கிறேன். கிடைத்த நோட்டுகளை எல்லாம் புரட்டிவிட்டேன். அவர் வராத நாள் அந்த ஒன்றுதான். அன்று அவர் பூந்தமல்லிக்கு அப்பால், கைவிடப்பட்ட செங்கல் சூளை ஒன்றின் பொட்டலில், ஒரு முழ நீள வண்டி ஓடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

குப்பத்தில் ஒன்றாக வளர்ந்து, நாற்பதைத் தாண்டிவிட்ட நாம் இப்போது கைநீட்டிப் பிடித்துத்தான் எழுத்தைப் படிக்கிறோம். ஆனாலும் அந்தக் கோடை உங்களுக்கு நினைவிருக்கும். முகத்துவாரத்தை மண் மூடியிருந்தது. ஏரி சுருங்கிப்போய், நாம் படகில் போன இடமெல்லாம் உப்புப் பூத்த தரையாகக் கிடந்தது. அந்தத் தரையில்தான் மாமா வண்டியை ஓட்டிப் பழகினார்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. சரக்குக் கப்பலில், இன்ஜின் ரூமில், எண்ணெய் போட்டுப் பராமரிக்கிற ஆயிலர் வேலை. விடுமுறையில் வரும்போது சிங்கப்பூரில் வாங்கிய பெட்டி ஒன்றைத் தோளில் சுமந்து வந்தார். உள்ளே நாலு முள் டயர்கள், மெல்லிய கூடு, கோழிமுட்டை அளவில் ஒரு இன்ஜின். கையில் பிடித்துத் திருகுகிற ரிமோட் தனியாக இருந்தது. பேட்டரியில் ஓடுகிற பொம்மை இல்லை. நைட்ரோ எரிபொருளில் ஓடுகிற நிஜமான இன்ஜின்.

நைனா அதை விரலால் தூக்கிப் பார்த்தார். கடலுக்குப் போகிறவர்களின் படகு இன்ஜின்களைப் பழுது பார்ப்பதில் அவருக்கு எங்கள் பக்கத்தில் பெயர் உண்டு.

"இன்னா மச்சான், கப்பல் இன்ஜின சொரண்டி சொரண்டி இவ்ளோதான் மிச்சமா?"

"சின்னதுதான் மாமா. ஆனா நிமிஷத்துக்கு முப்பதாயிரம் சுத்து சுத்தும்" என்றார் மாமா. அக்கா வீட்டுக்காரர் அவருக்கும் மாமாதான்.

"நீயுந்தான் ஒலகத்தையே சுத்துற. இன்னா புண்ணியம்?"

மாமா சிரித்தார். அந்தச் சிரிப்பு சீக்கிரம் முடிந்துவிட்டது. கயிற்றை இழுத்து ஸ்டார்ட் செய்தபோது ஊரே கூடியது. அந்த எரிபொருளில் விளக்கெண்ணெய் கலந்திருக்கும். நீலப் புகையை முகர்ந்த அம்மா, "இன்னாடா, வண்டிக்கு பேதிக்கு குடுத்துருக்கியா?" என்று கேட்டாள்.

அது விளையாட்டுக்கு வாங்கிய வண்டி இல்லை என்பது இரண்டு நாளில் எனக்குத் தெரிந்தது. சென்னையில் இப்படிப்பட்ட வண்டிகளும் விமானங்களும் விற்கிற ஒரு கடைக்காரர், பழுது பார்க்கப் பட்டறை ஒன்று தொடங்க இருந்தார். வைகாசி பதினெட்டு, ஞாயிறன்று நடக்கிற மண்தடப் பந்தயத்துக்கு மாமாவே தயார் செய்த வண்டியைக் கொண்டுவரச் சொல்லியிருந்தார். "எத்தினியாவதா வந்தாலும் பரவால்ல. கடைசிப் போட்டி அரை மணி நேரம். முப்பது நிமிஷமும் வண்டி நிக்காம ஓடணும். ஓடிச்சின்னா பட்டறை ஒன்னுது" என்றாராம். ஓடினால் மாமா கரையிலேயே இருந்துவிடலாம். ஓடாவிட்டால் மறுபடி கப்பல்.

கப்பலுக்கு ஏன் போகக்கூடாது என்பதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. அவர் மகளுக்கு இரண்டு வயது முடிந்திருந்தது. அவர் வந்து இறங்கிய அன்று அவரை முதன்முதலாகப் பார்த்தாள். நான் மாமா என்று கூப்பிடுவதைக் கேட்டு அவளும் அவரை மாமா என்றே கூப்பிட்டாள். அத்தை திருத்தத் திருத்த, அவள் மாமாதான் என்று அழுத்தமாகச் சொன்னாள். மாமா, "வுடு, கூப்புடட்டும்" என்று சொல்லிவிட்டு வண்டியின் திருகுகளைக் கழற்ற உட்கார்ந்தார்.

ஆடி ஆடிக் கழன்றுவிடக் கூடாது என்று ஒவ்வொரு திருகுக்கும் அத்தையின் நகப்பூச்சை ஒரு சொட்டு வைத்து முடுக்கினார். பல்சக்கரங்களுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி வேண்டும் என்பதற்குப் பஞ்சாங்கத் தாளில் ஒரு கீற்றுக் கிழித்து, சக்கரங்களுக்கு இடையில் விட்டுச் சுற்றிப் பார்த்தார். தாள் கிழியாமல் மடிப்பு மட்டும் விழுந்தால் சரி. ரிமோட் சொல்வதை வாங்குகிற ரேடியோ பெட்டிக்குள் தூசியும் தண்ணீரும் போகாதபடி திருவிழாவில் வாங்கிய சிவப்பு பலூனுக்குள் அதைத் திணித்து வாயைக் கட்டினார். டயர்களைச் சக்கரத்தோடு ஒட்டினார். காற்று போகிற வழியில் இருந்த பஞ்சை எண்ணெயில் நனைத்துப் பிழிந்து வைத்தார். அந்தப் பலூனும் நகப்பூச்சுப் புட்டியும் கொஞ்ச காலம் என் டப்பாவில் இருந்தன. அப்புறம் எங்கே போயின என்று தெரியவில்லை.

இன்ஜினுக்கு எரிபொருள் எவ்வளவு போக வேண்டும் என்பதை ஓர் ஊசித் திருகு தீர்மானிக்கும். கொஞ்சம் மூடினால் வண்டி சீறும், சூடேறும். கொஞ்சம் திறந்தால் புகைவிட்டுச் சோம்பும். சரியான இடத்தைக் காதால்தான் கண்டுபிடிக்க வேண்டும். இங்கேதான் நான் தேவைப்பட்டேன். பல வருட இன்ஜின் ரூம் வாசம் மாமாவின் காதில் கீச்சென்ற மேல் ஒலிகளை அழித்துவிட்டிருந்தது. பேச்சு கேட்கும். முப்பதாயிரம் சுற்றில் வருகிற ஒலியின் நுணுக்கம் கேட்காது. கடைக்காரருக்கு அது தெரியாது. தெரிந்தால் பட்டறைக்குச் செவிடனா என்பார்.

"இப்ப எப்பிடி இருக்குது?"

"தொண்ட கட்டுன மாரி."

"இப்ப?"

"கொசு மாரி. ரொம்ப கத்துது."

"அப்ப அரைக்கா மரை தொற."

நான் அரைக்கால் சுற்றுத் திருகுவேன். அவர் இன்ஜின் தலையில் ஒரு துளி எச்சில் தொட்டு வைத்து, அது மறைகிற வரை எண்ணுவார். மூன்று எண்ணுவதற்குள் மறைந்தால் சரியான சூடு. காதையும் எச்சிலையும் வைத்துக்கொண்டு பன்னிரண்டு நாள் உழைத்தோம். பதின்மூன்று வயதில் ஒரு பெரியவருக்கு இன்றியமையாதவளாக இருப்பது எவ்வளவு பெரிய போதை என்று இப்போது தெரிகிறது.

நைனா அந்தப் பக்கம் வரவே மாட்டார். வந்தாலும் ஒரு வார்த்தை எறிந்துவிட்டுப் போவார். "வூட்டுக்கு ஒழச்சா உருப்புடலாம். பொம்மைக்கு ஒழைக்கிறானுங்க." வெறும் கேலி என்றுதான் நினைத்தேன். பட்டறைப் பேச்சு நைனாவை எப்படிச் சுட்டிருக்கும் என்று அப்போது தோன்றவில்லை. இன்ஜின்காரர் என்றால் அந்தக் குடும்பத்தில் அதுவரை அவர் ஒருவர்தான்.

வெள்ளிக்கிழமை கடைசி ஓட்டம். ஊசி சரியான இடத்தில் நின்றிருந்தது. வண்டி உப்புத் தரையில் ஒரு மேட்டில் ஏறித் தாவி, காய்ந்தது போலத் தெரிந்த ஒரு சேற்றுப் பள்ளத்தில் குப்புற விழுந்தது. இன்ஜின் நிற்பதற்குள் தூக்கிவிட்டோம். உள்ளே ஒன்றும் போகவில்லை. மாமா எரிபொருள் தீரும்வரை ஓட்டி நிறுத்தினார். பிளக்கைக் கழற்றி உள்ளே நாலு சொட்டு எண்ணெய் விட்டார்.

"மண்ணு காயட்டும். காஞ்சா பிரஷ்ஷாலயே உதுந்துரும். நாளைக்கு பொன்னேரி போய் பேட்டரியும் பிளக்கும் வாங்கியாந்துடறேன். அதுவரைக்கும் யாரும் தொடக்கூடாது. ஸ்டார்ட்டும் பண்ணக்கூடாது. ட்யூன் கலஞ்சிரும். புரிதா?"

புரிந்தது. அன்றைக்கு நான் சொன்ன 'உம்'முக்கு ஒரு சத்தியத்தின் கனம் இருந்தது.

சனிக்கிழமை காலை மாமா முதல் படகில் போய்விட்டார். எட்டு மணி வாக்கில் நைனா வண்டி வைத்திருந்த பலகை முன்னால் வந்து நின்றார். சேறு காய்ந்து, இன்ஜினின் இடுக்குகளில் உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது. அவர் குனிந்து அதை நகத்தால் சுரண்டி நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"இத்த இப்பிடியே வுட்டுட்டா போயிக்கிறான்?"

"காஞ்சா உதுருமாம் நைனா."

"உப்பு உதுருமா? ஒரு ராத்திரில இரும்ப தின்னுட்டு போயிரும். கப்பல்ல இவன் இன்னாத்ததான் கத்துக்கினான்." நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "தண்ணில வுழுந்த இன்ஜினுக்கு இன்னா வைத்தியம்?"

இது எங்கள் வீட்டில் வாய்ப்பாடு. "நல்ல தண்ணி. அப்பால கெரசினு. அப்பால ஒடனே ஸ்டார்ட்டு."

"போய் கொடம் எடுத்துக்கினு வா."

நல்ல தண்ணீர் என்றால் அம்மா மணலில் ஊற்றுத் தோண்டி, கொட்டாங்குச்சியால் மொண்டு மொண்டு நிரப்பி, ஒரு மைல் நடந்து சுமந்து வந்த தண்ணீர். அன்றைக்கு வீட்டில் இரண்டு குடம் இருந்தது. இரண்டையும் கொண்டுவந்தேன். அந்தத் தண்ணீரை ஒரு பொம்மைக்குச் செலவழிக்க நைனா சம்மதித்தது எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. ஒரு வார்த்தை தடுத்துச் சொல்லவில்லை. தடுக்க வேண்டும் என்றே தோன்றவில்லை. உப்பைக் கழுவாத இன்ஜின் எங்கள் குப்பத்தில் அழுக்குக் குழந்தை மாதிரி. பார்த்தால் கை தானாகப் போகும்.

அவர் பஞ்சைக் கழற்றினார். காற்று போகிற வாயில் நூல் மாதிரித் தண்ணீர் விட்டுக்கொண்டே, சக்கரத்தைக் கையால் சுற்றிச் சுற்றி மறுபக்கம் தெளிவாக வரும்வரை அலசினார். உள்ளே இருந்த எண்ணெயெல்லாம் அதோடு வந்துவிட்டது. பிறகு கெரசின். அவ்வளவு சின்னப் பொருளை அவ்வளவு பெரிய விரல்கள் அப்படிப் பிடித்து நான் பார்த்ததில்லை.

"நீ இத்த ஸ்டார்ட் பண்ணுவியா?"

"பண்ணுவேன் நைனா. ஆனா மாமா பண்ணக்கூடாதுன்னு சொல்லிக்கிறாரு."

வைத்தியத்தில் மூன்றாவது படிதான் உயிர் என்று அவருக்குத் தெரியும். அந்தச் சூட்டில்தான் உள்ளே தங்கின ஈரம் போகும். வண்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"அப்ப வோணாம். அவன் வண்டி, அவன் பேச்சு" என்றார். "வெயில்ல வை. உங்க மாமங்கிட்ட நான் தொட்டேன்னு சொல்லாத. பொம்மன்னு சொன்னவரு எதுக்கு தொட்டாருன்னு கேப்பான்."

அவர் அத்தனை நாளில் மாமாவின் சொல்லை மதித்தது அந்த ஒரு தடவைதான்.

சாயங்காலம் மாமா வந்து வண்டியைத் திருப்பிப் பார்த்தார். "யாரு தொடச்சது?"

"நான்தான்."

"பிரஷ்ஷாலதான?"

"ஆமா மாமா."

"பொண்ணுன்னா இதான் பொண்ணு" என்று தலையைத் தட்டினார்.

ஞாயிறு விடியற்காலை படகுத்துறைக்குப் போனபோது நைனா எங்களுக்கு முன்னால் வந்து நின்றிருந்தார். தோளில் துண்டு, கையில் தன் ஸ்பேனர் பை.

"இன்னிக்கி ஒங்க பாடாச்சே மாமா?" என்று மாமா அவரிடம் கேட்டார்.

"பாடு கெடக்குது. ஒத்த ஆளா இவ்ளோ சாமான் தூக்குவியா நீ?"

மாமா படகில் தனக்குப் பக்கத்தில் இடம் ஒதுக்கிக் கொடுத்தார். பஸ்ஸில் திருப்பாலைவனம் தாண்டியபோது இரண்டு பேரும் ஒரே பொட்டலத்தில் வேர்க்கடலை தின்றார்கள். அதைப் பார்த்துக்கொண்டு வந்த எனக்கு, முந்தின நாள் சொன்ன பொய் ஒரு நல்ல காரியத்தின் விலை என்றே தோன்றியது.

பந்தயத் தடத்தில் ஓட்டுகிறவர்கள் உயரமான சாரத்தில் வரிசையாக நிற்பார்கள். ஒவ்வொருவருக்கும் கீழே ஓர் ஆள். ஆறேழு நிமிடத்துக்கு ஒரு தடவை வண்டி ஓரம் வரும்போது எரிபொருள் ஊற்றி விடுவது அவர் வேலை. எங்களுக்கு அது நான். மதியத்துக்கு மேல் கடைசிப் போட்டி தொடங்கியது. ஒன்பது வண்டிகள். கடைக்காரர் கையில் கடிகாரத்தோடு உட்கார்ந்திருந்தார்.

முதல் பத்து நிமிடம் அழகாக ஓடியது. இரண்டாவது தடவை ஊற்றிவிட்டு அனுப்பியபோது கேட்டேன். ஒலிக்கு அடியில் இன்னொரு ஒலி. அம்மியில் உப்பு அரைபடுவது போல. ஒன்பது இன்ஜின் சத்தத்தில் யாருக்கும் கேட்டிருக்காது. சாரத்தில் நின்ற மாமாவுக்கு நிச்சயம் கேட்காது. வேலி ஓரம் திரும்பினேன். நைனா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பக்கத்தில் வந்தார். "கேட்டியா?"

"உம்."

"பேரிங்கு. தண்ணி நின்னிருக்குது." அவர் குரல் அவருடையதாக இல்லை.

"மாமாகிட்ட சொல்லட்டா?"

அவர் கண் வண்டியோடு போனது. ஒரு சுற்று முடிந்தது. "அடுத்த வாட்டி வரச்சொல்ல ஊசிய தொற. எண்ணெ சேந்து போவட்டும். மெதுவா ஓடுனா முப்பது நிமிஷத்த இழுத்துரும்."

பத்தொன்பதாவது நிமிடம் வண்டி வந்தது. ஊற்றிவிட்டு ஊசியைக் கால் மரை திறந்தேன். புகை கக்கிக்கொண்டு, சோம்பிப்போய் ஓடியது. அந்த அரைபடும் ஒலி அடங்கியது. ஒரு வண்டி எங்களைத் தாண்டியது, இன்னொன்று தாண்டியது. மாமா அப்போது நாலாவதாக இருந்தவர். எத்தனையாவது என்பது முக்கியமில்லை என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் அந்தச் சாரத்தில் நிற்கிறவருக்கு அது மறந்துவிடும் போல. வண்டியை ஓரம் கொண்டுவந்து மேலேயிருந்து கத்தினார்.

"இன்னா பண்ண? ஏன் இப்பிடி பொகையுது?"

"கொஞ்சம் தொறந்தேன் மாமா."

"ஏன்?"

அந்த 'ஏன்'தான் இந்தக் குறிப்பு முழுவதும். சத்தம் வருகிறது என்று சொல்லியிருக்கலாம். என் காதை நம்பியே பன்னிரண்டு நாள் ஓட்டியவர், கேள்வி கேட்காமல் நம்பியிருப்பார். ஆனால் என்ன சத்தம், ஏன் வந்தது என்று அடுத்த கேள்வி வரும். நான் நைனாவைப் பார்த்தேன். அவர் ஸ்பேனர் பையின் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தார். அது ஏற்கெனவே கட்டித்தான் இருந்தது.

"சும்மா" என்றேன்.

"பழயபடி வை."

வைத்தேன்.

இருபத்தாறாவது நிமிடம், மேட்டில் ஏறும்போது இன்ஜின் ஒரு தடவை கீச்சிட்டு அப்படியே இறுகிப் போனது. வண்டி மேட்டிலிருந்து பின்னால் உருண்டு வந்தது.

கடைக்காரர் எழுந்து வந்து நாலு திருகைக் கழற்றிப் பின் மூடியைத் திறந்தார். உள்ளே பழுப்பு. அவர் விரலில் துரு ஒட்டியிருந்தது.

"தண்ணி. யாரு இத்த கழுவுனது?"

மாமா என்னைப் பார்த்தார். முந்தின நாள் நான் சொன்ன பதில் அவர் முகத்தில் ஓடுவதைப் பார்த்தேன். கழுவிவிட்டேனோ, ஈரத் துணியால் துடைத்தேனோ, என்னவென்று நினைத்தாரோ. என் தோளில் கை வைத்து என்னைக் கொஞ்சம் பின்னால் நகர்த்தினார்.

"வெள்ளிக்கெழம சேத்துல வுழுந்துச்சி சார். நான்தான் சரியா பாக்கல."

"இன்ஜின் தெரிஞ்ச ஆளுன்னு நெனச்சேன்பா" என்றார் கடைக்காரர். திட்டவில்லை. கைக்குட்டையால் விரலைத் துடைத்துக்கொண்டு அடுத்த வண்டியைப் பார்க்கப் போய்விட்டார்.

திரும்பி வருகிற பஸ்ஸில் மூன்று பேரும் மூன்று இருக்கையில் உட்கார்ந்திருந்தோம்.

ஆனி பிறந்து ஐந்தாம் நாள் மாமா கிளம்பினார். பழவேற்காடு பஸ் நிறுத்தத்தில் அத்தையும் குழந்தையும் அம்மாவும் நானும் ஒரு பக்கம் நின்றோம். பஸ் கூரையில் நண்டுக் கூடைகளை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். நைனா மாமாவின் முழங்கையைப் பிடித்துக் கொஞ்ச தூரம் தள்ளிக் கூட்டிப்போனார். ஏழு கூடை ஏறுகிற வரை பேசினார்கள். நைனாதான் பேசினார். மாமா தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டார். பிறகு பஸ் ஏறினார்.

அன்று என்ன பேசினார்கள் என்று நைனா இருந்தவரை நான் கேட்கவில்லை. படகு இன்ஜினுக்குச் எண்ணெய் கசியாமல் தடுக்கிற வளையம், சிங்கப்பூர் ஆயில் சீல், வாங்கிவரச் சொன்னார் என்கிறாள் அம்மா. மாமாவிடம் இரண்டு தடவை கேட்டேன். ஒரு தடவை அவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்று வந்தபோது, இன்னொரு தடவை போன தை மாதம். இரண்டு தடவையும் "சீல்தாம்மா கேட்டாரு" என்றார். அப்படி ஒரு சீல் எங்கள் வீட்டுக்கு வந்ததாக எனக்கு நினைவில்லை. வராததால் கேட்கவில்லை என்றும் ஆகாது. ஒரு சீல் கேட்க ஏழு கூடை நேரம் ஆகுமா என்று யோசிக்கலாம். நைனா கழுவியதைச் சொல்லியிருந்தால், அதை மாமா இன்றுவரை என்னிடமிருந்து மறைக்கிறார். சொல்லாமலிருந்தால், துரு என்னால் வந்தது என்றே இன்னமும் நினைத்துக்கொண்டிருக்கிறார்.

இரண்டில் எது என்று தெரிந்துகொள்ள ஒரே வழி, நைனா கழுவியபோது குடம் எடுத்துக்கொடுத்தது நான்தான் என்று அவரிடம் சொல்வது. மாமாவுக்கு இப்போது காது அநேகமாகக் கேட்பதில்லை. உரக்கச் சொல்ல வேண்டும், தெருவுக்குக் கேட்கும்படி. இதை எழுதுகிற இன்றுவரை சொல்லவில்லை. ஆகவே நைனா அன்று சொன்னாரா என்பது சரிபார்க்கப்படவில்லை.